ஏழாம் எண் தகடு

பன்னிரண்டு மூலைகள் செய்து தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு ஜெயமணி எங்கள் பட்டறைக்கு வந்தது 1996ஆம் வருஷம், பொங்கல் கழிந்த வாரத்தில். ஓசூர் சிட்கோ வளாகத்தில் பெரிய கம்பெனிகளுக்குத் தகட்டு வேலை செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. மோட்டாருக்கு மூடி, சுவிட்ச் பெட்டி, பெல்ட்டுக்குக் கவசம் என்று என்னென்னவோ செய்திருக்கிறோம். மூலை வேண்டும் என்று அதுவரை யாரும் வந்ததில்லை.

ஜெயமணி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல் என்பதால் எங்களோடு தமிழிலேயே பேசினார். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மடித்துக் காட்டினார். மூன்று முக்கோணங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடி நின்றன. ஓர் அறையின் மூலையை மட்டும் அறுத்தெடுத்து, வாயை வானத்துக்குத் திருப்பி வைத்ததுபோல இருந்தது.

“பக்கம் ஒரு மீட்டர். அலுமினியம். மூணு தகடும் சரியா தொண்ணூறு டிகிரியில சேரணும் சார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி மட்டமா இருக்கணும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சிருந்தா வாங்கிக்க மாட்டேன்” என்றார்.

எங்கள் ஆட்களில் ஒருவர், பன்னிரண்டு மூலைக்கும் வாஸ்து பார்த்தாகிவிட்டதா என்று கேட்டார். எல்லாவற்றையும் மேற்கே பார்த்துதான் வைக்கப் போகிறோம், உங்கள் ஜோசியரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் ஜெயமணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். பட்டறையே சிரித்தது.

எதற்காக என்று அவர் சொன்னது அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. பிறகு பலமுறை கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெளிநாட்டுச் செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது. அது ரேடார் அலையைத் தரைக்கு அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் எழுதும். இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. முப்பத்தைந்து நாள் கழித்து அதே வழியில் மறுபடி வரும். அதற்குள் தரை ஒரு நூல் தாழ்ந்திருந்தால் எதிரொலியும் அந்த அளவுக்குப் பிந்தி வரும். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி அந்த வித்தியாசத்தைப் பிரித்தெடுத்துவிடலாம். நிலநடுக்கம் வந்த இடத்தில் பூமி எந்தப் பக்கம் எவ்வளவு அசைந்தது என்று வானத்திலிருந்தே தெரிந்துகொள்ளும் வித்தை அது. உலகத்தில் அப்போதுதான் சில வருஷங்களாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

விளைநிலத்தில் மட்டும் அது பலிப்பதில்லை. சோளம் வளரும், அறுப்பார்கள், உழுவார்கள். முப்பத்தைந்து நாளில் தரையின் முகமே மாறிவிடும்; பழைய எதிரொலியும் புதியதும் ஒத்துப்போகாது. அதற்குத்தான் இந்த மூலை. அதற்குள் வரும் அலை மூன்று தகடுகளிலும் பட்டு, வந்த வழியே திரும்பிப் போகும். படத்தில் அந்த இடம் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சுற்றிலும் எது மாறினாலும் அந்தப் புள்ளி மாறாது.

எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“மகாராஷ்டிரத்துல லாத்தூர் ஜில்லா சார். அன்னிக்குப் பூகம்பம் வந்ததே, அந்தக் கில்லாரியைச் சுத்தி.”

அட்டை மூலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தப்பன், அதை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

கோவிந்தப்பன் என் பட்டறையின் மூத்த ஃபிட்டர். ஓசூரை அடுத்த பேரிகை ஊர்க்காரர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். நான் மதுரைப் பக்கத்துப் பழக்கத்தில் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருடைய ஒரே மகன் திம்மராயன், ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் பக்கத்து லாரிகள் மகாராஷ்டிரம் வரைக்கும் போய் மாதக்கணக்கில் கிணறு போட்டுவிட்டு வரும். 1993 செப்டம்பர் கடைசியில் அவர்கள் லாரி கில்லாரிக்கு அருகே ஒரு சின்ன ஊரில் நின்றிருந்தது. போர் போட்டுத் தண்ணீரும் கண்டாகிவிட்டது. பிள்ளையாரைக் கரைக்கும் திருநாள் என்பதால் ஒரு நாள் தங்கிப் போகலாம் என்று இருந்தார்கள்.

அன்று திம்மராயனுக்குக் காய்ச்சல். மற்ற நாலு பேரும் வழக்கம்போல லாரிமேலும் லாரிக்கு அடியிலும் படுத்தார்கள். எதிர் வீட்டு அம்மா ஒருத்தி வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பேசும் பாஷை இவர்களுக்குத் தெரியாது. கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் அழைத்துப் போய், ரொட்டி கொடுத்து, கம்பளி போர்த்திப் படுக்க வைத்தாள். விடிவதற்கு முன்பே பூமி குலுங்கியது. அந்த ஊர் வீடுகள் கனத்த கல்லும் மண்ணும் அடுக்கிக் கட்டியவை. வெளியில் படுத்திருந்த நாலு பேரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவனான மதுரைவீரன்தான் பேரிகைக்குச் சேதி கொண்டுவந்தான்.

கோவிந்தப்பன் தேடிப் போனார். நான் ஐந்து நாள் லீவு கொடுத்தேன். ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு பாக்கி இருந்தது. ஆறாம் நாள் வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நடுவில் ஒரே ஒரு பகல் அவர் அந்த மழையில் நின்றிருக்கிறார். பட்டாளத்துக்காரர்கள் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பலரை ஒரே சிதையில் வைத்து எரித்து முடித்திருந்தார்கள். இறந்தவர்கள் பட்டியலை யாரோ வாசித்துக் காட்டினார். திம்மராயன் என்ற பெயர் அதில் இல்லை. பாஷை தெரியாத ஊரில், எந்த வீடு என்று காட்டவும் ஆள் இல்லை. ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர் பட்டறையில் தம் மேசை முன்னால் நின்றார். இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே என்று எத்தனையோ திங்கட்கிழமைகளில் மலைமேல் சந்திரசூடேஸ்வரர் சன்னதியில் நின்று என்னை நானே கேட்டிருக்கிறேன். அண்ணன் என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் மனைவி வெங்கடம்மா அவருடைய செருப்பைக் கழுவவில்லை. எங்கள் பக்கம் செம்மண். அந்தச் செருப்பில் அப்பியிருந்தது கரிசல். அதைச் சுரண்டி ஒரு டம்ளரில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மகன் கிடக்கும் இடம் என்று அவரிடம் இருந்தது அந்த அரை டம்ளர் மண்தான்.

வெளியே போன கோவிந்தப்பன் கால்மணி நேரம் கழித்து வந்தார். ஜெயமணி மேசையில் விரித்திருந்த வரைபடத்துக்கு அருகில் நின்று, அந்தச் சின்ன ஊரின் பெயரைச் சொல்லி, அங்கேயும் ஒன்று உண்டா என்று கேட்டார். ஜெயமணிக்கு ஆச்சரியம். உண்டு, ஏழாவது மூலை அங்கேதான் என்றார். பழைய ஊர் இடிந்தபடியே கிடக்கிறது, ஜனங்களை இரண்டு மைல் தள்ளிப் புது ஊர் கட்டி மாற்றிவிட்டார்கள், பழைய ஊரில் ஆடு மாடு தொந்தரவு இல்லாமல் வைக்கலாம் என்றும் சொன்னார். எப்படித் தெரியும் என்று அவர் கேட்பதற்குள் அண்ணன் தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் போய்விட்டார். நான் சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டையும் தாமே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பற்றவைத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் போல்ட் போட்டே சேர்த்தார். மழைநீர் தேங்காமலிருக்க அடிமுனையில் ஒரு துளை. அப்படி ஒரு சுத்தமான வேலையை அவர் கையிலேயே நான் பார்த்ததில்லை.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிட்கோ வளாகத்தில் சாப்பாட்டு டப்பா மாறிப்போவது சகஜம். அதனால் அக்கம்பக்கத்துப் பட்டறை ஆட்களெல்லாம் டப்பாவைக் கொண்டுவந்து கோவிந்தப்பனிடம் பெயர் வெட்டிக்கொண்டு போவார்கள். கடையில் வெட்டுவதுபோல மின்சாரக் கருவி கிடையாது. பஞ்சு என்று நாங்கள் சொல்லும் கூரான எஃகு ஆணியும் சின்னச் சுத்தியும்தான். புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தாக்குவார். கல்யாணத்துக்கு வாங்கும் குடமானாலும் பிள்ளை பிறந்தால் கொடுக்கும் கிண்ணமானாலும் அவர் கை பட்டுத்தான் போகும். பேர் வெட்டின பாத்திரம் எங்க சுத்தினாலும் வூட்டுக்கு வந்துடும் என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

மாசி மாதம் ஜெயமணி சோதனை பார்க்க வந்தார். நீளமான எஃகு மட்டத்தை ஒவ்வொரு தகட்டின் மேலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். ஆறு மூலைகள் தேறின. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஏழாவதன் அடித்தகட்டில் மட்டத்தை வைத்தார். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. இடைவெளி அளக்கும் கேஜை நுழைத்துப் பார்த்தார். மூன்று மில்லிமீட்டர். நடுவில் வயிறு உப்பியதுபோலத் தகடு மேலே எழும்பியிருந்தது.

நம்ப முடியாமல் உள்ளங்கையால் தடவினார். விரல் ஏதோ புள்ளிகளில் தடுக்கி நின்றது. ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக வாசித்தார்.

“கோ. திம்மராயன். பேரிகை. ரொட்டி கொடுத்த அம்மா.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “யாரு சார் இது?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க பையன்தாங்க” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். மூன்று வருஷத்தில் இந்தப் பட்டறையில் அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. மூலை வானத்தைப் பார்த்திருக்கும், மேலிருந்து படம் எடுப்பார்கள் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி உள்பக்கத்தில் பையன் பேரை வெட்டுங்கள் என்று வெங்கடம்மா கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து வெட்டியிருக்கிறார். ஆயிரம் புள்ளிக்குக் குறையாது. ஒரு பக்கமாக அத்தனை முறை தட்டினால் தகடு அந்தப் பக்கம் விரிந்து எழும்பும் என்பது முதல் வருஷம் தொழில் பழகுகிறவனுக்கும் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா? அன்று அவர் ஃபிட்டராக அங்கே உட்காரவில்லை.

ஜெயமணி தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வரி என்ன என்று கேட்டார்.

“அந்தம்மா பேரு தெரியாதுங்க. காச்சல்ல கெடந்த புள்ளய வூட்டுக்குள்ள கூப்புட்டுச் சோறு போட்டாங்க. அவங்களும்தான் போயிட்டாங்க. புள்ள பேரை மட்டும் வெட்டிட்டு அவங்கள வுட்டா நல்லா இருக்காதுன்னு எங்க வூட்ல சொல்லிட்டாங்க.”

நான் இந்தக் கேள்வியை மூன்று வருஷமாகச் சுமந்தவன். வெளியில் கிடந்தால் பிழைத்திருப்பான். ஒருத்தியின் இரக்கம் அவனை உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. ஈசனே, இது என்ன நியாயம் என்று நினைத்திருக்கிறேன். பெற்றவள் அந்தக் கேள்வியைத் தாண்டிப்போய், அந்த ரொட்டிக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தாள்.

ஜெயமணி அந்த வரியை விரலால் மறுபடி தடவினார். பிறகு, செயற்கைக்கோளுக்கு எழுத்து தெரியாது என்று பக்குவமாக விளக்கினார். இருபத்தைந்து மீட்டர் நிலமே அதன் படத்தில் ஒரு புள்ளிதான். ஒரு ஊர் முழுக்கவும் இரண்டு கைப்பிடிப் புள்ளிக்குள் அடங்கிவிடும்.

“இதை என்னால அங்க கொண்டுபோக முடியாதுண்ணா” என்றார். “அந்த ஊர் ஜனங்க இன்னும் பயந்துகிட்டு வாசல்லதான் படுக்கறாங்க. பூமி இன்னும் அசையுதான்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் உண்மையைச் சொல்லணும். வளைஞ்ச தகட்டை வெச்சுகிட்டு அதைச் சொல்ல முடியாது.”

“சரிங்க மேடம். வேற தகடு போட்டுத் தர்றேன்” என்று அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். அவர் முகத்தில் வருத்தம்கூடத் தெரியவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணோடு ஆறாம் நாள் வந்து நின்றாரே, அதே முகம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் ஜெயமணி கையை நீட்டித் தடுத்தார்.

“கொஞ்சம் இருங்கண்ணா. எங்க ஊர்ல சுரங்கத்துக்குள்ள பாறை வெடிச்சா மேல வீடெல்லாம் குலுங்கும். எல்லாரும் சுரங்க வாசலுக்கு ஓடுவோம். அந்த ஷிப்டுல இறங்கினவங்க பேரை ஒருத்தர் வாசிப்பார். பதில் வராத பேரை மறுபடி வாசிப்பார். மறுபடியும். எங்கப்பா பேரை ஒரு தடவை மூணு முறை வாசிச்சாங்க. நாலாவது முறைதான் பதில் வந்துச்சு.” பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதியிருந்த பக்கத்தைத் திறந்தார். ஏழு என்பதை அடித்துவிட்டு எழுதினார். “இனிமே ஏழாம் நம்பர்னு ஒண்ணு கிடையாது. எங்க கணக்குல, படத்துல, ரிப்போர்ட்ல எல்லாத்துலயும் அந்த இடத்துக்குப் பேர் திம்மராயன்.”

அண்ணன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தையே பார்த்தார். பிறகு கழிவறைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி வேலையைத் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் புதுத் தகடு ஏறியது. மட்டத்துக்கு அடியில் மயிரிழை வெளிச்சம் இல்லை.

வளைந்த தகட்டை என்ன செய்வது? ஜெயமணியே வழி சொன்னார். அது அளக்க உதவாது, இடம் காட்ட உதவும். செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே போகும் அதே பாதையில்தான் ஓசூரும் இருக்கிறது, கில்லாரியும் இருக்கிறது. இங்கே ஒரு மூலை இருந்தால் படத்தை நிலத்தோடு பொருத்த உதவும், கூட வரும் ஆட்களுக்கும் நிறுத்திப் பழகினதாக இருக்கும். பேரிகையில் உங்கள் நிலத்தில் அசையாத பாறை ஏதாவது உண்டா என்று அண்ணனைக் கேட்டார். நான் மீதித் தகடுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பதின்மூன்றாவதாக ஒரு மூலை செய்யச் சொன்னேன். அடியில் அந்த வளைந்த தகடு.

பங்குனியில் ஒரு நாள் அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு பேரிகை போனோம். அண்ணனுடைய கேழ்வரகுக் காட்டின் நடுவில் ஒரு மொட்டைப் பாறை. ஜெயமணி திசைகாட்டியை வைத்து, மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி, வாயைத் தூக்கலாக நிறுத்தினார். அண்ணன் போல்ட்டை முடுக்கினார். வெங்கடம்மா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உயரமில்லாத, ஒல்லியான மனுஷி. எப்போது வரும் என்று கேட்டார். முப்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை, ராத்திரி பத்தே முக்காலுக்கு என்றார் ஜெயமணி.

“இங்க பாத்துட்டு அங்க போறதுக்கு எத்தன நாளாவும் கண்ணு?”

“ஒன்றரை நிமிஷம்மா.”

வெங்கடம்மா அதை நம்பவில்லை. அவருடைய கணவருக்குப் போக இரண்டு நாள் ஆன தூரம் அது. ஒன்றரை நிமிஷமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புறப்படும்போது அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தார். திம்மராயன் ஓசூரில் ஐ.டி.ஐ. படித்தபோது கொண்டுபோன சாப்பாட்டு டப்பா. மூடியில் அப்பன் வெட்டிக் கொடுத்த பெயர். உள்ளே வெல்லமும் பருப்பும் வைத்த ஒப்பட்டு.

“அந்தம்மா வூட்டு ஜனம் யாராவது மிச்சம் இருந்தா குடும்மா. அவங்க கையால தின்ன ரொட்டிக்குப் பதிலுக்கு நாங்க இன்னும் ஒண்ணும் குடுக்கல. யாரும் இல்லன்னா அந்த எடத்துல வெச்சுட்டு வந்துடு.”

ஜெயமணி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடையாளத்துக்கு அண்ணன் சொன்னது ஒன்றுதான். மதுரைவீரன் சொல்லக் கேட்டது: அந்த வருஷம் போட்ட போர், அதற்கு எதிர் வீடு.

சித்திரை போனது, வைகாசி போனது. அண்ணன் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பட்டறை வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். வெங்கடம்மா தினமும் பாறைக்குப் போய் மூலையில் விழுந்த சருகை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருகிறாராம். பூவோ குங்குமமோ வைப்பதில்லையாம். கொண்டுபோய் வைக்கிற பொருளெல்லாம் அலைக்கு இடைஞ்சல் என்று ஜெயமணி சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். முதல் முப்பத்தைந்தாம் நாள் இரவு பாறை ஓரத்தில் உட்கார்ந்து, பத்தே முக்கால் ஆனதும் ஒன்று இரண்டு என்று தொண்ணூறு வரைக்கும் எண்ணினாராம். அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, பைத்தியக்காரி என்று சிரித்தார். தொண்ணூறு எண்ணினது அவரும் கூட இருந்ததால்தானே தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆனி மாதம் ஜெயமணி வந்தார். பட்டறையில் இறங்காமல், இரண்டு பேரும் ஏறுங்கள், பேரிகையில் சொல்கிறேன் என்றார். பாறைமேல் வைத்தே சொன்னார்.

முதலில் ஒரு பெரிய தாளை விரித்தார். சாம்பல் நிறத்தில் மணலைக் கொட்டினதுபோல இருந்தது. அதில் பென்சிலால் வட்டமிட்ட வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் பக்கத்தில் தமிழில் ‘திம்மராயன்’ என்று எழுதியிருந்தது. வெங்கடம்மாவின் விரலைப் பிடித்து அந்தப் புள்ளிமேல் வைத்தார்.

“ரெண்டு படத்தையும் பொருத்திப் பாத்தோம்மா. இந்த முப்பத்தஞ்சு நாள்ல உங்க பையன் ஒரு நூல்கூட நகரலை. அதே எடத்துல இருக்கான். அந்த ஊர்லயும் சொன்னேன். இதுக்கு மேல வர்ற நாளைப் பத்தி என்னால சொல்ல முடியாது, இதுவரைக்கும் பூமி அமைதியா இருக்குன்னு சொன்னேன். சில பேர் உள்ள படுக்க ஆரம்பிச்சிருக்காங்க.”

வெங்கடம்மா விரலை எடுக்கவில்லை.

அடுத்து ஜெயமணி டப்பாவை எடுத்தார். புது ஊரில் நாலைந்து வீடு கேட்டதுமே ஆள் கிடைத்துவிட்டதாம். போர் லாரிப் பையனை அந்தத் தெருவே நினைவு வைத்திருந்தது. எதிர் வீட்டு அம்மாவின் பெயர் ருக்மாபாய். கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐம்பது வயது. அவளுடைய ஓரகத்தி பிழைத்திருக்கிறாள். பட்டாளத்துக்காரர்கள் இரண்டு உடல்களையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்துவைத்து, இந்தப் பையன் யார் என்று பட்டியலுக்குக் கேட்டபோது, அவன் பேர் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. லாரி ஆட்களில் ஒருவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மற்றவர்கள் அவனோடு போயிருந்தார்கள். யாரும் இல்லாதவன் என்று எழுதினால் தனியாகப் போட்டு எரித்துவிடுவார்கள் என்று அந்த ஓரகத்தி பயந்தாள். ருக்மாபாயின் மகன் என்று சொன்னாள். அப்படியே எழுதிக்கொண்டார்கள். தாயும் மகனுமாக ஒரே சிதையில் வைத்தார்கள். அந்த நாள் வரும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் விளக்கு வைக்கிறாள்.

பட்டியலில் அவன் இருந்திருக்கிறான். அண்ணன் தேடின பெயரில் இல்லை.

கோவிந்தப்பன் பாறைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வெங்கடம்மா அழவில்லை. காட்டின் மறுபக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் பிள்ளையை இன்னொருத்தி பிள்ளை என்று எழுதிவிட்டார்களே என்று மனம் நோகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“எம்புள்ள அநாதையா போவல” என்றார் கடைசியில். “ஒரு தாய்க்குப் பக்கத்துலதான் போயிருக்கான்.” சற்றுப் பொறுத்து, “என்னைவிட மூத்தவங்க. எனக்கு அக்கா ஆவணும்” என்றார்.

டப்பாவைத் திறந்தார். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்த ஊரிலும் இல்லை போலிருக்கிறது. நிறைய வெள்ளைச் சோளம் இருந்தது. ஒப்பட்டைப் பார்த்ததும் ஓரகத்தி சிரித்துவிட்டாளாம். அவர்கள் வீட்டிலும் பண்டிகைக்கு அதுதானாம், பெயர்தான் வேறாம். மூடியில் இருந்த எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, அவன் பெயரை நாலைந்து முறை சொல்லிப் பழகிக்கொண்டாளாம். இனி விளக்கு வைக்கும்போது பெயர் சொல்லி வைப்பதற்கு.

வெங்கடம்மா கொஞ்சம் சோளத்தை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கணவரைப் பார்த்து, பஞ்சு கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அண்ணனின் சட்டைப் பையில் அது எப்போதும் இருக்கும். சுத்தியல் ஜீப்பின் கருவிப் பெட்டியில் இருந்தது. நான் போய் எடுத்துவந்தேன்.

தகடு இன்னும் வளைந்துவிடாதா என்று ஜெயமணியைக் கேட்டேன். இது இடம் காட்டுகிற மூலைதானே, வளையட்டும் என்றார் அவர்.

‘ரொட்டி கொடுத்த அம்மா’ என்ற வரிக்குக் கீழே அண்ணன் பஞ்சை வைத்தார். ஜெயமணி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். முதல் தட்டுக்கே தகடு அதிர்ந்து காடு முழுக்கக் கேட்டது. வெங்கடம்மா மூலையின் பின்பக்கம் போய், தகட்டின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு சத்தம் அடங்கியது. புள்ளி புள்ளியாக ருக்மாபாய் என்று எழுந்து முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.